கொல்லிமலை இறக்கத்துல ஒரு பஞ்சர் ஒட்டு: ஆறு பேர் பையில என்ன இருந்துச்சு, எது உதவுச்சு

ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல கொல்லிமலை ஏறி இறங்கின ஆறு பேர் குரூப்புல நடந்த விபத்தோட பதிவு இது. நான் அன்னிக்கு கூடப் போகல, அப்புறமா அவங்ககிட்ட தனித்தனியா கேட்டு, டியூபையும் கையில வாங்கிப் பாத்துட்டு, எல்லாரோட சம்மதத்தோட எழுதுறேன். ஆள் அடையாளம் தெரியற விவரம் எதுவும் இதுல இல்ல.

பின்னணி

நாமக்கல் பக்கம் இருந்து போனா சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம். அங்கேருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு, 1/70, 2/70ன்னு வரிசையா போர்டு இருக்கும். ஏறுறதப் பத்தித்தான் எல்லாரும் பெருமையா பேசுவாங்க, ஆனா சைக்கிளுக்கு வேலை வைக்கிறது இறக்கம். டிஸ்க் பிரேக்னா சூடு டிஸ்கோட போயிடும், ரிம்ல புடிக்கிற வி-பிரேக்னா அந்தச் சூடு முழுக்க ரிம்முக்கு ஏறி, ரிம்ல இருந்து டயருக்கும் டியூபுக்கும் போவும். வளைவுக்கு வளைவு விட்டு விட்டுப் புடிச்சா ரிம்முக்கு ஆற கொஞ்சம் நேரம் கிடைக்கும், பயத்துல மேலேருந்து கீழ வரைக்கும் லேசா புடிச்சிக்கிட்டே வந்தா கிடைக்காது.

ஆறு பேர்ல மூத்தவருக்கு அறுபது நெருங்குது, இளையவன் காலேஜ் படிக்கிற தம்பி. ஒரு பெண், காலேஜ் லெக்சரர், படிக்கிற காலத்துல என்.சி.சி.ல முதலுதவி பழகினவங்க. ரெண்டு ரோடு பைக் (மெல்லிசான டயர் வச்ச ரேஸ் மாதிரி சைக்கிள்), ஒரு எம்டிபி (தடிமனான டயர் வச்ச மலைப்பாதை சைக்கிள்), மூணு ஹைப்ரிட் (ரெண்டுக்கும் நடுத்தரம்). அதுல பெரியவரோடதும் இன்னொருத்தரோடதும் வி-பிரேக் ஹைப்ரிட், மீதி நாலும் டிஸ்க். கூட வண்டி எதுவும் போகல, சேந்தமங்கலத்துல காரை நிறுத்திட்டு ஏறி, மலை மேல இருக்கிற செம்மேட்டுல டிபன் சாப்ட்டு அதே வழியா திரும்புறதுன்னு பிளான்.

ரைடை ஏற்பாடு பண்ணவரு முந்தின நாளே வாட்ஸ்அப்ல லிஸ்ட் போட்டிருந்தாரு. ஆளுக்கு ஒரு ஸ்பேர் டியூப், டயரை நெம்பிக் கழட்டுற டயர் லிவர், ரெண்டு பேராவது பம்ப், யாராவது ஒருத்தர் ஃபர்ஸ்ட் எய்ட். எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டிட்டாங்க. லிஸ்ட் நல்ல லிஸ்ட் தான், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

அடிவாரத்துல பஞ்சர்

காரவள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடியே பெரியவரோட முன் சக்கரத்துல காத்து இறங்கிடுச்சு. டயருக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி, லாரி டயர் வெடிச்சு சிதறினதுல இருந்து ரோட்டுல கிடக்குமே அந்த மாதிரி. கம்பியை நகத்தால தள்ளி வெளிய எடுத்துட்டாங்க, டயருக்குள்ள விரல் விட்டு ஒரு சுத்து தடவியும் பாத்திருக்காங்க. இந்த வேலையில தப்பே இல்ல.

அவர் பையில அவர் சைக்கிளுக்குச் சரியான 700க்கு 35 டியூப் ஒண்ணு இருந்துச்சு, ஸ்ரேடர் வால்வ் (கார், பைக் டயர்ல இருக்கிற தடிமனான வால்வ்). அதை அப்பவே மாட்டலாமா, இல்ல ஓட்டையை ஒட்டிக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. இன்னும் மலையே ஆரம்பிக்கல, இந்த சைஸ்ல இருக்கிறதே ஒரு டியூப், அதையும் இப்பவே போட்டுட்டா மேல போயி பஞ்சர் ஆனா என்ன பண்றது, ஒட்டிட்டே போலாம், டியூப் கடைசிக்கு இருக்கட்டும்னு முடிவு. அந்த நேரத்துல யார் இருந்தாலும் இதையே தான் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

ஒட்டுறதுக்கு சொல்யூஷன் தேடினப்ப தான் முதல் சிக்கல். ஒரு டியூப் சொல்யூஷன எடுத்து மூடியத் திறந்தா உள்ள காஞ்ச பிசின், இன்னொண்ணை அமுக்கினா காத்து மட்டும் வருது. ஒரு தடவை திறந்த சொல்யூஷன் எத்தனை இறுக்கி மூடினாலும் மாசக்கணக்குல தாங்காது, இது பஞ்சர் கடைக்காரங்களுக்கு நல்லாத் தெரியும், அவங்க டப்பா தினமும் காலியாவுறதால பிரச்சினை இல்ல, நம்ம பையில தூங்குறதுக்குத் தான் பிரச்சினை. கடைசியில ரோடு பைக்காரர் ஒருத்தர் ஸ்டிக்கர் மாதிரி உரிச்சு ஒட்டுற பேட்ச் குடுத்தாரு. சக்கரத்தைக் கழட்டாம, நம்ம ஊர் பஞ்சர் கடை ஸ்டைல்ல டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபைக் கொஞ்சம் வெளிய இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பேட்சை வச்சு கட்டைவிரலால அமுக்கினாங்க. குனிஞ்சு அமுக்கினவர் நெத்தியில இருந்து வேர்வை சொட்டு சொட்டா டியூப் மேலயே விழுந்துச்சு, டீசர்ட்டால துடைச்சுட்டு ஒட்டினோம்னு அவரே சொன்னாரு.

அடுத்தது காத்து. வெளிய எடுத்த பம்பு பிரெஸ்டா வால்வுக்கு (ரோடு பைக்ல வர்ற மெல்லிசான வால்வ்) செட் பண்ணி வச்சது. தலையில இருக்கிற மூடியத் திருகி, உள்ள இருக்கிற ரப்பரையும் பிளாஸ்டிக் துண்டையும் எடுத்துத் திருப்பிப் போட்டா ஸ்ரேடருக்கும் ஏறும், ஆனா பம்ப் வாங்கினதுல இருந்து அதைத் திருப்பிப் பாத்ததே இல்ல. ரப்பரை மட்டும் திருப்பி பிளாஸ்டிக்கை பழையபடியே போட்டதுல அடிக்கிற காத்தெல்லாம் பக்கவாட்டுல சீறிட்டுப் போச்சு, ரெண்டையும் திருப்பணும்னு அந்தத் தம்பி கண்டுபிடிக்கிறதுக்குள்ள நல்லா வெயில் ஏறிடுச்சு. பம்புல மீட்டர் இல்ல. கட்டைவிரல் வச்சு அமுக்கிப் பாத்து போதும்னு கிளம்பிட்டாங்க.

ஏத்தம் முழுக்க பேட்ச் தாங்குச்சு. செம்மேட்டுல டிபன் சாப்டப்போ மறுபடி அமுக்கிப் பாத்திருக்காங்க, காத்து அப்படியே இருந்துச்சு. அங்க வச்சு டியூபை மாத்திடலாம்னு யாருக்கும் தோணல, நல்லா இருக்கிறத எதுக்குக் கழட்டணும். இறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தரைத் தவிர எல்லாரும் பாட்டில்ல தண்ணி ரொப்பி எலக்ட்ரோலைட் பவுடரைக் கலந்துக்கிட்டாங்க. இந்தச் சின்ன விசயம் பின்னால வருது.

41வது வளைவு

இறக்கத்துல பெரியவர் மெதுவா, ரெண்டு பிரேக்கையும் விடாம புடிச்சுக்கிட்டே வந்திருக்காரு. 41/70 போர்டு இருக்கிற வளைவுக்குள்ள நுழையும்போது முன் சக்கரம் கொழகொழன்னு ஆடுற மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாரு. இறக்கத்துல உடம்பு கனம் முன்னாடி சாய்ஞ்சு நிக்கும், பிரேக்கும் சேர்ந்தா முன் டயர் மேல தான் அத்தனை பாரமும், அதுல காத்து குறைஞ்சா ஹேண்டில் சொன்ன பேச்சுக் கேக்காது. திருப்ப முடியாம உள்பக்கம் சரிஞ்சு வலது தோள்பட்டை தரையில அடிக்க விழுந்துட்டாரு. வேகம் அதிகம் இல்ல, எதுத்தாப்ல வண்டியும் வரல.

பின்னால வந்தவங்க பாத்தது: நினைவு இருக்கு, பேசுறாரு, வலது கையை இடது கையால தாங்கிப் புடிச்சிருக்காரு, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல எலும்பு மேல முட்டிக்கிட்டு நிக்குது. முட்டியிலயும் உள்ளங்கையிலயும் தோல் வழண்டு பொடிக்கல் ஒட்டியிருக்கு. ஹெல்மெட்ல வலது பக்கம் கீறலும் ஒரு விரிசலும்.

அங்க எடுத்த முடிவுகள்

லெக்சரர் தான் பொறுப்பை கையில எடுத்தாங்க. முதல் வேலையா காயத்தைப் பாக்கல, தம்பியை மேல் வளைவுக்கும் இன்னொருத்தரை கீழ் வளைவுக்கும் அனுப்பி, சைக்கிளோட சிவப்பு லைட்டைக் கழட்டி கையில புடிச்சு வர்ற வண்டியை மெதுவாக்கச் சொன்னாங்க. கொண்டை ஊசியில பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதுக்குத் தான், ஒருத்தர் நடுரோட்டுல உக்காந்திருக்கிறது டிரைவருக்குக் கடைசி நொடியில தான் தெரியும்.

அப்புறம் அவரைத் தூக்கி நிறுத்தாம பேச்சுக் குடுத்தாங்க. “ஏங்ண்ணா, கழுத்து வலிக்குதுங்களா? கை விரலை ஆட்டுங்க பாப்போம். இன்னிக்கு என்ன கிழமைங்ண்ணா?” பதில் ஒழுங்கா வந்துச்சு, கழுத்துல வலி இல்ல, கை கால் மரத்துப் போகல. அதுக்கப்புறம் தான் ஓரமா நகர்த்தி உக்கார வச்சாங்க.

காயத்தைக் கழுவ தண்ணி கேட்டா அஞ்சு பேர் பாட்டில்லயும் எலுமிச்சை வாசம். சக்கரை கலந்த தண்ணியை தோல் வழண்ட காயத்துல ஊத்த முடியாது. பவுடர் பிடிக்காத ஒருத்தர் கிட்ட மட்டும் வெறும் தண்ணி அரை பாட்டில் இருந்துச்சு, அதுல கல் போற அளவுக்குக் கழுவினாங்க.

ஃபர்ஸ்ட் எய்ட் டப்பா சைக்கிள் வாங்கினப்போ கூட வாங்கினது. உள்ள சின்னச் சின்ன பிளாஸ்திரி ஒரு கட்டு, பசை உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பஞ்சு ஒரு உருண்டை. தேதி முடிஞ்ச ஆயின்மென்ட். முட்டியில உள்ளங்கை அகலத்துக்குக் காயம், அதுக்கு இந்த பிளாஸ்திரி எந்த மூலைக்கு? பஞ்சை வச்சா நார் நாரா காயத்துல ஒட்டிக்கும், அப்புறம் ஆஸ்பத்திரியில உரிக்கும்போது தான் தெரியும். அதனால பஞ்சைத் தொடவே இல்ல, துவைச்சு மடிச்சு வச்சிருந்த கர்ச்சீப்பை வச்சு கட்டினாங்க.

கைக்கு தொட்டில் கட்ட துணி இல்ல. சைக்கிள்ல இருந்து பஞ்சரான டியூபையே உருவி, முழங்கையை மடக்கி நெஞ்சோட சேர்த்து வச்சு, டியூபை கழுத்து வழியா போட்டு மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்தி முடிச்சு போட்டாங்க, கழுத்துல அறுக்காம இருக்க அடியில ஒரு ஆர்ம் ஸ்லீவை மடிச்சுக் குடுத்தாங்க. டியூப் கொஞ்சம் இழுபடுற பொருள்ங்கிறதால கை ரொம்ப ஆடாமயும் இருந்துச்சு, ரொம்ப இறுகாமயும் இருந்துச்சு. அன்னிக்கு ஆறு பேர்கிட்டயும் இருந்ததுல மனுசனுக்கு முழுசா உதவின சாமான் ஓட்டை விழுந்த இந்த டியூப் தான்.

ஒருத்தர் வலி மாத்திரை இருக்குன்னு நீட்டினாரு, ஐபுப்ரோஃபென். லெக்சரர் வேண்டாம்னுட்டாங்க, தலையில அடி பட்டிருக்கு, டாக்டர் பாக்கட்டும்னு. இது எவ்வளவு சரியான முடிவுன்னு ஆம்புலன்ஸ் வந்தப்புறம் தான் தெரிஞ்சுது.

போன் சிக்னல் அந்த வளைவுல யாருக்கும் இல்ல. மேல இருந்து கார்ல வந்த ஒரு குடும்பம் நிறுத்தி, நாங்களே கூட்டிட்டுப் போறோம்னாங்க. அவரை ஏத்தல. தலையில அடி, இன்னும் நாப்பது வளைவு காருக்குள்ள இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே போகணும், வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ பாக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது. 108 கிடைக்கலன்னா மட்டும் அதே கார்ல போறதுன்னு வச்சுக்கிட்டு, ரைடை ஏற்பாடு பண்ண லீடர் மட்டும் அந்தக் கார்ல ஏறி சிக்னல் வர்ற இடம் வரைக்கும் இறங்கி 108க்கு அடிச்சாரு. “கொல்லிமலை காரவள்ளி ரோடு, 41வது கொண்டை ஊசி”ன்னு சொன்னதும் எதிர்முனைக்கு உடனே புரிஞ்சிடுச்சு, மேப், லொகேஷன் எதுவும் அனுப்ப வேண்டி வரல. சிக்னல் இல்லன்னு போனை மூடி வைக்கிறதுக்கு முன்னாடி 112 அடிச்சுப் பாத்திருக்கலாம், நம்ம சிம்முக்கு டவர் இல்லாத இடத்துலயும் வேற கம்பெனி டவர் எட்டினா அது வழியா போகும். இது அன்னிக்கு யாருக்கும் ஞாபகம் வரல.

ஆம்புலன்ஸ் வர முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை அதே கேள்விகளைக் கேட்டு, நேரத்தோட பதிலையும் ஒரு பில் பேப்பர் பின்னால குறிச்சு வச்சிருக்காங்க லெக்சரர். ஆம்புலன்ஸ்ல வந்தவர் அந்தப் பேப்பரைத் தான் முதல்ல வாங்கிப் படிச்சாராம்.

படிச்சுட்டு அவர் கேட்ட கேள்வி: ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? பெரியவரே சொன்னாரு, இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினமும் போடுறேன்னு. கூட இருந்த அஞ்சு பேருக்கும் இது புதுச் சேதி. ரத்தம் உறையறதைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுற ஆளுக்கு தலையில அடி பட்டா உள்ள கசியற அபாயம் கூட, ஐபுப்ரோஃபென் அதோட சேர்ந்தா ரத்தப்போக்குக்கு இன்னும் வாய்ப்பு. அவர் பேசுற நிலைமையில இருந்ததால சேதி வெளிய வந்துச்சு. மயங்கிக் கிடந்திருந்தா போனும் லாக், பர்ஸ்லயும் ஒரு துண்டுச் சீட்டு இல்ல.

என்ன ஆச்சு

அரசு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேயும் தலைக்கு சிடி ஸ்கேனும் எடுத்தாங்க. காறை எலும்பு நடுவுல முறிவு, தலைக்குள்ள ஒண்ணும் இல்ல, இருந்தாலும் அந்த மாத்திரையால ஒரு ராத்திரி வச்சுப் பாத்தாங்க. ஆபரேசன் தேவைப்படல, தொட்டில்ல வச்சே எலும்பு கூடிடுச்சு. டிடி ஊசி போட்டாங்க, முட்டிக் காயத்துல மிச்சம் இருந்த கல்லை எடுத்தாங்க.

மீதிப் பேர் எப்படி இறங்கினாங்கன்னும் சொல்லணும். இன்னொரு வி-பிரேக் ஹைப்ரிட்டோட ரிம்மை ஒருத்தர் தொட்டுப் பாத்து சுருக்குன்னு கையை எடுத்துட்டாரு. அதுக்கப்புறம் அஞ்சாறு வளைவுக்கு ஒரு தடவை நின்னு ரிம்முல கை வைக்க முடியுற அளவு ஆறினதும் இறங்கினாங்க. பெரியவர் சைக்கிளை வாழைத்தார் ஏத்திட்டு வந்த ஒரு மினி லாரிக்காரர் மேல போட்டுக் கட்டி கீழ இறக்கிக் குடுத்தாரு, டீசலுக்குக் குடுத்த காசையும் வாங்கல.

டியூபைப் பாத்தப்ப

தொட்டிலா இருந்த டியூப் ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்ததும் காத்தடிச்சு தண்ணியில முக்கிப் பாத்தாங்க. குமிழி வந்தது ஒரே இடத்துல, பேட்சோட ஒரு ஓரம் நகம் நுழையுற அளவுக்குத் தூக்கியிருந்துச்சு. டயர்ல கம்பி எதுவும் மிச்சம் இல்ல, ரிம் டேப் நகரல. பேட்சோட மறுபாதி இன்னும் கெட்டியா ஒட்டியிருக்கு, பிச்சா கூட வரல. வேர்வை ஈரத்துல ஒட்டினது, உரிச்சு ஒட்டுற பேட்ச், விடாத பிரேக் சூடு, அளவு பாக்காம அடிச்ச காத்து, இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி பேட்ச் ஒரு தற்காலிக வேலைக்குத் தான், வி-பிரேக் வச்ச சைக்கிளோட முன் சக்கரத்துல அதை நம்பி மலை இறங்கக்கூடாதுங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

பெட்ஷீட் மேல கொட்டினது

அடுத்த வாரம் ஆறு பேரும் அன்னிக்கு எடுத்துட்டுப் போன பையை அப்படியே கொண்டு வந்து ஒரு பெட்ஷீட் மேல கொட்டினாங்க. பெரியவர் பையை அவரோட பையன் கொண்டு வந்தாரு. மல்டிடூல் நாலு, டயர் லிவர் பதினொண்ணு. ஸ்பேர் டியூப் அஞ்சு, அதுல மூணு பிரெஸ்டா, ரோடு பைக் சைஸ், அதுலயும் ஒண்ணுக்கு வால்வ் கட்டை, அதை வச்சிருந்தவர் ரிம் ஆழத்துக்கு வெளியவே எட்டாது. ஒண்ணு எம்டிபியோடது, ஒண்ணு பெரியவரோடது. இன்னொரு ஹைப்ரிட்காரர் கிட்ட டியூபே இல்ல, எல்லார்கிட்டயும் இருக்குமேன்னு வந்துட்டாரு. பம்ப் ஒண்ணு தான். ரெண்டாவது பம்ப்னு கட்டைவிரல் காட்டினவர் நெனச்சது சிஓடூ சிலிண்டரை (கார்பன் டை ஆக்சைடு அடைச்ச சின்னக் குப்பி). அது நல்ல சாமான் தான், பதினாறு கிராம் குப்பி ஒண்ணு ஒரு ரோடு டயரை சில நொடியில ரொப்பிடும், ஆனா சரியா மாட்டலன்னா அதே சில நொடியில காலி, அப்புறம் பம்பு தான் வேணும். அறுந்த செயினைக் கோக்குற குயிக் லிங்க் ஒண்ணு இருந்துச்சு, ஒன்பது ஸ்பீடு, அதை வச்சிருந்தவர் செயின் பதினொண்ணு. டீரெய்லர் ஹேங்கர் (பின் கியரைத் தாங்குற சின்னத் துண்டு) ஒருத்தர்கிட்டயும் இல்ல. மூணு பேர்கிட்ட ரொக்கமே இல்ல, சிக்னல் இல்லாத மலையில ஜிபேயை வச்சு என்ன பண்றது.

மாத்தினது

டியூப் விசயத்துல முடிவை அப்படியே தலைகீழா மாத்திட்டாங்க. ரோட்டுல பஞ்சர்னா உடனே புது டியூப், கழட்டினதை சுருட்டி பையில போட்டுக்கிட்டு நிழல்ல உக்காரும்போது ஒட்டிக்கலாம், அது தான் இனிமே ஸ்பேர். கடைசிக்குன்னு பொத்தி வைக்கிறது கிடையாது. ஒட்டுறதுக்கு சொல்யூஷன் தான், திறக்காத சின்ன டியூபா, பையில திறந்தாச்சுன்னா வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்டுட்டு புதுசு. மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத அளவுக்கு காஞ்சப்புறம் பேட்ச் வைக்கணும், அவசரப்பட்டு ஈரத்துல வைக்கிறவங்க தான் அதிகம். ஸ்ரேடர் டியூப் பிரெஸ்டா ஓட்டையில நுழையாது, பிரெஸ்டா டியூப் ஸ்ரேடர் ஓட்டையில ஆடிக்கிட்டாவது நிக்கும், அதனால ஹைப்ரிட்காரங்க அவசரத்துக்கு ரோடு டியூபைக் கடன் வாங்கலாம், திருப்பிக் குடுக்க முடியாது. டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா உள்ள வைக்க பழைய டயர்ல வெட்டின ஒரு துண்டு, அது இல்லன்னா மடிச்ச பத்து ரூபா நோட்டு. பம்பு மேலயே கொஞ்சம் இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சுக்கிட்டாங்க.

கிளம்புற இடத்துல ஒருத்தர் பம்பை இன்னொருத்தர் வால்வுல மாட்டி நாலு அடி அடிச்சுக் காட்டணும், இது லீடர் போட்ட ரூல். வாட்ஸ்அப் கட்டைவிரலை விட இதுல உண்மை தெரிஞ்சிடும்.

முதலுதவிப் பையை லெக்சரரே கட்டினாங்க. காஸ் பேட், ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், முக்கோணத் துணி ரெண்டு, கையுறை, காயம் கழுவ நார்மல் சலைன் சின்ன பாட்டில், ஓஆர்எஸ் பாக்கெட். ஓஆர்எஸ் பாக்கெட்ல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்ல தான் கரைக்கணும், அரை லிட்டர் பாட்டில்ல மொத்தத்தையும் கொட்டக்கூடாதுன்னு பை மேலயே எழுதி ஒட்டியிருக்காங்க. மாத்திரை எதுவும் வைக்கல, இதுல அவங்களுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம், பாராசிட்டமாலாவது வைக்கலாமேன்னு அவன். அவங்க பக்கம் தான் நான். ஆளுக்கு ரெண்டு பாட்டில்னா ஒண்ணுல வெறும் தண்ணி.

பேரு, ரத்த வகை, சாப்பிடுற மாத்திரை, வீட்டு நம்பர், இதை ஒரு அட்டையில எழுதி லேமினேட் பண்ணி ஹெல்மெட்டுக்குள்ளயோ ஜெர்சி பாக்கெட்லயோ வைக்கிறது, போன் லாக் ஸ்கிரீன்லயும் எமர்ஜென்சி விவரத்துல போடுறது. ஒருத்தர் மட்டும் தன்னோட நோய் விவரத்தை குரூப்ல சொல்ல விரும்பல. அவருக்கு, ஒட்டின கவர்ல போட்டு பையில வை, அவசரம்னா மட்டும் பிரிப்போம்னு ஏற்பாடு. இது நியாயமா பட்டுது எனக்கு.

பெரியவர் இப்போ திரும்ப ஓட்டுறாரு, புது ஹெல்மெட், டாக்டர் அனுமதியோட, சமதளத்துல மட்டும். கொல்லிமலை அடுத்த தடவை போகும்போது வி-பிரேக் சைக்கிள் ரெண்டையும் இறக்கத்துக்கு வேன்ல ஏத்திடலாம்னு லீடர் சொல்றாரு, பெரியவருக்கு அது சம்மதம் இல்ல, நின்னு நின்னு ரிம்மைத் தொட்டுப் பாத்து இறங்கிக்கிறேங்கிறாரு. ரெண்டாவது பம்ப் வாங்கியாச்சு, இதுல மீட்டர் இருக்கு. டிசம்பர்ல மறுபடி மேல ஏறலாம்னு தேதி பேசிட்டு இருக்காங்க, வேன் விசயம் மட்டும் இன்னும் முடிவாகல.